பை மடங்கு

மகள் வாலிபால் ஆடப் போய் வலது கை ஆள்காட்டி விரலைச் சுளுக்கிக்கொண்டு வந்த அன்றுதான் இந்தக் கூத்தெல்லாம் தொடங்கியது.

அவளுடைய அப்பா பஸ் டிரைவர். காலை ஷிப்ட் முடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து, பனியனோடு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த சாயங்கால நேரம். ஒன்பதாம் வகுப்பு மகள் கணக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"அப்பா, நாளைக்கு ஹோம்வொர்க் குடுத்தாகணும். எனக்குப் பேனாவே பிடிக்க முடியல. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க."

"அவ்வளவுதானே. சொல்லு."

மகள் சோபாவில் சாய்ந்துகொண்டு, "முதல் கணக்கு" என்றாள். டிரைவர் எழுதிவிட்டு, அடுத்த வார்த்தைக்காகப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டிருந்தது.

எழுப்பியிருக்கலாம். வேறு யாராவதாக இருந்தால் எழுப்பியும் இருப்பார்கள். ஆனால் இந்த மனிதருக்கு ஒரு வியாதி உண்டு. எந்த வேலையைப் பார்த்தாலும் "இதென்ன பிரமாதம்" என்று தோன்றிவிடும். மிக்ஸி நின்றுபோனால் பிரித்துப் போடுவார். மிச்சமாகும் திருகாணிகளை ஒரு டப்பாவில் பத்திரமாக வைப்பார். அந்த டப்பா இப்போது பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவிக்கு அந்த உட்காரும் தோரணையே போதுமானதாக இருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எதையும் மேலோட்டமாகப் பார்த்து ஏமாறுகிற ஆள் இல்லை.

"என்னங்க பண்றீங்க?"

"ஹோம்வொர்க்."

"அவ எழுந்து பண்ணட்டும்."

"பாவம், அசந்து தூங்குது. நாலே நாலு கணக்கு. இதென்ன பிரமாதம்."

மனைவி உள்ளே போய்விட்டாள்.

முதல் கணக்கைப் படித்ததுமே டிரைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கென்றே போட்டதுபோல ஒரு கணக்கு. இரண்டு ஊர்களுக்கு நடுவே முந்நூறு கிலோமீட்டர். ஒரு ஊரிலிருந்து மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பஸ். அதே நேரத்தில் அடுத்த ஊரிலிருந்து மணிக்கு அறுபது வேகத்தில் இன்னொரு பஸ், எதிரும் புதிருமாக. எவ்வளவு நேரத்தில் சந்திக்கும்?

டிரைவருக்கு உடனே அந்த நாற்பது வேகத்துக்காரர்மேல் சந்தேகம் வந்தது. முந்நூறு கிலோமீட்டர் ரோட்டில் நாற்பதில் போகிறவர் எப்படிப்பட்ட ஆளாக இருப்பார்? நிதானமானவர். வயசானவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர் நடுவில் ஒரு டீ குடிக்காமல் வரவே மாட்டார். பயணிகளும் விடமாட்டார்கள். கண்டக்டர் வேறு இறங்கி யாரோடாவது பேச நின்றுவிடுவார். எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, அழகாக எழுதினார்: "சந்திக்க நான்கு மணி நேரம் ஆகும். வழியில் டீ."

இரண்டாவது, வயதுக் கணக்கு. தந்தையின் வயது மகனின் வயதைப் போல மூன்று மடங்கு. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டு மடங்காகிவிடுமாம். இப்போதைய வயது என்ன? யார் வீட்டுத் தந்தை, யார் வீட்டு மகன் என்று புத்தகத்தில் ஒரு விவரமும் இல்லை. தெரியாத குடும்பத்தைப் பற்றி எதற்கு யோசிப்பது என்று டிரைவர் தெரிந்த குடும்பத்துக்கே வந்தார். அவருக்கு நாற்பத்து நான்கு. சோபாவில் குறட்டை விடுகிறவளுக்குப் பதினான்கு. வகுத்துப் பார்த்தார். மூன்று போய்க் கொஞ்சம் மிச்சம். "தந்தை 44, மகள் 14, கிட்டத்தட்ட" என்று எழுதினார். பன்னிரண்டு ஆண்டு கழித்து நடப்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

மூன்றாவதில் ஒரு முக்கோணம். இரண்டு கோணங்களைக் கொடுத்து மூன்றாவதைக் கேட்டிருந்தார்கள். கேட்பானேன், அளந்தால் தெரிந்துவிட்டுப் போகிறது. மகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து வைத்துப் பார்த்தார். அறுபத்து நான்கு வந்தது. கூடவே, ஐம்பது என்று போட்டிருந்த கோணத்தையும் அளந்தார். அது நாற்பத்தேழுதான் இருந்தது. "படம் கோணலாக அச்சடிக்கப்பட்டிருக்கிறது" என்று பெருந்தன்மையோடு ஒரு குறிப்பும் எழுதிவைத்தார்.

நான்காவது, சுவரில் சாய்த்த ஏணி. பதின்மூன்று அடி ஏணி, அடிப்பக்கம் சுவரிலிருந்து ஐந்து அடி தள்ளி இருக்கிறது. எவ்வளவு உயரத்தைத் தொடும்? டிரைவர் கொல்லைப்பக்கம் போய் வீட்டு ஏணியை ஐந்து அடி தள்ளிச் சாய்த்து, இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியில் ஏணி சர்ரென்று வழுக்கிக் கீழே வந்தது. அவரும் வந்தார். துணி எடுக்க வந்த மனைவி, தரையில் உட்கார்ந்திருந்தவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடி எதுவும் பட்டுச்சா?"

"படல."

"பட்டிருந்தா சொல்லுங்க. நாளைக்குக் காலையில எனக்குக் கூட்டம் கம்மி. படம் எடுத்துடலாம்."

உள்ளே வந்து விடை எழுதினார்: "ஏணியைச் சுவருக்கு நெருக்கமாக வைக்கவும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்."

இத்தோடு நின்றிருந்தால் விஷயம் ஒரே ஒரு நோட்டோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அவருடைய போனில் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. கேட்டவர் ஒரு வக்கீல். "நாளைய கணக்கு ஹோம்வொர்க்குக்கு விடை யாரிடமாவது இருக்கிறதா? என் மகன் டியூஷனில் இருக்கிறான்." அதன் கீழேயே பல் டாக்டர் அம்மா, "எனக்கும் வேண்டும். கிளினிக்கில் கூட்டம்" என்று போட்டிருந்தார். அவருக்கும் அதே வகுப்பில் ஒரு மகன்.

வக்கீலும் டாக்டரும் கேட்கிறார்கள். டிரைவருக்கு நெஞ்சு விம்மியது. நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார். நிமிஷத்தில் கும்பிடு போடும் கைகள் வரிசையாக வந்து குவிந்தன. மகள் எழுந்தபோது நோட்டு பைக்குள் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"முடிச்சுட்டீங்களா?"

"முடிச்சாச்சு. நீ போய்ச் சாப்பிடு."

அவள் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாமேல் அவ்வளவு நம்பிக்கை. அல்லது அவ்வளவு பசி.

மறுநாள் சாயங்காலம் அவள் வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று ஹாலிலும் கிடந்தது. நோட்டை அப்பாவின் முன்னால் வீசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டிரைவர் திறந்து பார்த்தார். சிவப்பு மையில் ஒரு பூஜ்யம், தோசைக்கல் அகலத்துக்கு. அதன் கீழே முத்து முத்தான கையெழுத்தில் கணக்கு மிஸ் எழுதியிருந்தார்: "இது மூன்று மடங்கு அல்ல, பை மடங்கு. சனிக்கிழமை காலை பெற்றோர் வரவும்."

"பை மடங்கா? அப்படின்னா?" என்றார் டிரைவர்.

மனைவி வாங்கிப் படித்தாள். எலும்பு முறிவைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது பிடிபடவில்லை. "பை எடுத்துக்கிட்டு வரச் சொல்றாங்க போல. நோட்டு, புத்தகம் ஏதாவது குடுப்பாங்களா இருக்கும்."

"மடங்குன்னு போட்டிருக்கே."

"மடிச்சு எடுத்துட்டுப் போங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. "அந்த டாக்டர் அம்மா பையன் நோட்டுல என்ன இருந்துச்சு தெரியுமா? அவனுக்கும் 'தந்தை 44, மகள் 14'. பாதி வகுப்புக்கு அதான். எல்லா பஸ்ஸும் டீ குடிக்க நிக்குது. மிஸ் ஒண்ணொண்ணா வாய்விட்டு வாசிச்சாங்க."

டிரைவர் மெதுவாகப் போனை எடுத்துப் பெற்றோர் குழுவைத் திறந்தார். கும்பிட்ட கைகள் எல்லாம் இப்போது வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தன. "எங்கள் வீட்டில் பெண் குழந்தையே கிடையாது என்று என் மகன் வகுப்பில் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது" என்று வக்கீல் எழுதியிருந்தார். டிரைவர் போனைக் கவிழ்த்து வைத்தார். சனிக்கிழமை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் அந்தக் குழுவிலேயே யாரோ துப்பறிந்து போட்டிருந்தார்கள். பெற்றோருக்குப் பரீட்சை. ஹோம்வொர்க் எழுதிய கையே வந்து எழுத வேண்டுமாம்.

அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு வீட்டில் டியூஷன் நடந்தது. சொல்லிக் கொடுத்தவள் மகள். விரல் கட்டோடு எதிரில் உட்கார்ந்துகொண்டு, மூக்குமேல் கோபத்தோடு ஆரம்பிப்பாள்.

"எக்ஸ்னா என்னப்பா?"

"அதைத்தானே கண்டுபிடிக்கச் சொல்றாங்க. எனக்கெப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல? அதான் எக்ஸ். தெரியாத ஒண்ணுக்கு வச்ச பேரு."

"தெரியாதுன்னு தெளிவா எழுதிட்டா போதாதா? எதுக்கு ஒரு எழுத்து?"

மகள் கண்ணை மூடித் திறந்தாள். "உங்க பஸ்ல ஒருத்தர் டிக்கெட் எடுக்காம உட்கார்ந்திருக்காருன்னு வைங்க. யாருன்னு தெரியல. ஆனா ஆள் இருக்காரு. மத்தவங்க எல்லாரையும் எண்ணிக் கழிச்சா கடைசியில அவர் மாட்டுவாருல்ல?"

"மாட்டுவாரு. அபராதமும் உண்டு."

"அவர்தான் எக்ஸ்."

டிரைவருக்கு முதல்முறையாக எக்ஸ் என்பவர்மேல் ஒரு ஈடுபாடு வந்தது. ஆனால் அவரைச் சமன் குறிக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைத் தொலைத்துவிட்டு வந்தார். ஒருதரம் மைனஸ், ஒருதரம் மூன்று. முக்கோணத்தின் கோணங்களை மொத்தமாகக் கூட்டினால் நூற்றெண்பது வரும் என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நூற்றெண்பது அவருடைய பஸ் ஓடுகிற ரூட் நம்பர்.

வெள்ளிக்கிழமை ஸ்டீயரிங் பிடித்திருந்தபோதும் அந்த இரண்டு பஸ்கள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. தினமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எதிரில் ஒரு வண்டி வரும். அதை ஓட்டுகிறவரை எல்லாரும் மீசை என்றுதான் கூப்பிடுவார்கள். இருவரும் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள். வருஷக்கணக்காக நடப்பதுதான். அன்றும் மீசை வந்தார், கையைத் தூக்கினார். டிரைவர் தூக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திவிட்டார். நான் கொஞ்ச ரோட்டைத் தின்கிறேன், அவர் கொஞ்ச ரோட்டைத் தின்கிறார். இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்த ரோட்டைத் தீர்க்கிறோம். அப்படியானால் இரண்டு பேர் வேகத்தையும் கூட்டினால் போதுமே.

அடுத்த நிறுத்தத்தில் கண்டக்டர் முன்னால் வந்தார். "என்னண்ணே, மீசைக்குக் கை காட்டல? ஏதாவது மனஸ்தாபமா?"

"மனஸ்தாபம் இல்லப்பா. கூட்டிட்டேன்."

"யாரைக் கூட்டிட்டீங்க?"

"அவரையும் என்னையும்."

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றபோது டிரைவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. வந்திருந்த பெற்றோரில் பலர் கையில் பை. வக்கீல் கருப்புக் கோட்டு வைக்கிற உறையையே மடித்துக் கொண்டுவந்திருந்தார். பல் டாக்டர் அம்மா கிளினிக் பெயர் போட்ட துணிப்பை. யாரும் யாரிடமும் எதற்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

கணக்கு மிஸ் பார்க்க ஒடிசலாக, ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி இருந்தார். அதட்டிப் பேசத் தெரியாத குரல். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்கிற ஒரு தகப்பன் தானாகவே சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"எல்லாரும் பை கொண்டு வந்திருக்கீங்க. எதுக்கு?" என்றார் மிஸ்.

பல் டாக்டர்தான் தயங்கித் தயங்கி, "நோட்டுல எழுதியிருந்தீங்களே" என்றார்.

மிஸ் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு திரும்பிக் கரும்பலகையில் நாற்பத்து நான்கின் கீழே பதினான்கை எழுதி, அதன் பக்கத்தில் இருபத்திரண்டின் கீழே ஏழை எழுதினார். "வட்டத்துக்கு வருமே, அந்தப் பை. சரி, கொண்டு வந்தது வீண் போக வேண்டாம். போனை எல்லாம் அதுல போட்டுக் குடுங்க."

பெஞ்சுகள் ஒன்பதாம் வகுப்பு உடம்புக்குச் செய்தவை. டிரைவர் பக்கவாட்டில் நுழைந்து, வயிற்றை எக்கிப் பிடித்து, ஒருவழியாக உட்கார்ந்து மூச்சை விட்டதும் முன்னால் இருந்த மேஜை வக்கீலின் முதுகில் போய் இடித்தது. பிள்ளைகள் எல்லாம் வராந்தாவில். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே முகம் முகமாகத் தெரிந்தது. டிரைவரின் மகளும் நின்றிருந்தாள். பரீட்சை எழுதப் போகிற பிள்ளையைப் பார்க்கிற தாய் மாதிரி ஒரு கவலை முகம்.

கேள்வித்தாள் வந்தது. ஐந்து கேள்விகள். டிரைவர் முதல் கேள்வியைப் படித்தார். இருநூற்று நாற்பது கிலோமீட்டர். ஒரு பஸ் மணிக்கு ஐம்பது, எதிர் பஸ் எழுபது. கடைசியில் ஒரு வரி: "எந்த பஸ்ஸும் டீ குடிக்க நிற்காது." ஏணிக் கணக்கிலும் ஒரு வரி சேர்த்திருந்தது: "ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார்." தான் எழுதியதை ஒரு மனுஷி இவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறாரே என்று அவருக்கு ஒரே நெகிழ்ச்சி. இனி அந்த மிஸ்ஸை ஏமாற்றக்கூடாது என்று முடிவு செய்து பேனாவைத் திறந்தார். ஐம்பதையும் எழுபதையும் கூட்டினார். இரண்டு மணி நேரம் என்று வந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை. மீசைக்கு மனசுக்குள் ஒரு கை காட்டினார்.

அடுத்தது தாத்தா கணக்கு. தாத்தாவின் வயது பேரனின் வயதைப் போல ஏழு மடங்கு. இருவர் வயதையும் கூட்டினால் எண்பது. டிரைவர் எக்ஸைத் தொந்தரவு செய்யாமல் நேரடியாகப் பேரனிடமே போனார். பேரனுக்கு எட்டு என்றால் தாத்தாவுக்கு ஐம்பத்தாறு, கூட்டினால் போதாது. ஒன்பதும் போதாது. பத்து என்றால் எழுபது. சரியாக எண்பது. பேரனுக்குப் பத்து என்று எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து பெஞ்சிலிருந்து உஸ் உஸ் என்று சத்தம். பல் டாக்டர் அம்மா. மூக்குக்கண்ணாடி நுனிக்கு வந்திருந்தது. கன்னத்தில் மை.

"டிரைவர் சார், ஒரு எக்ஸையும் ஏழு எக்ஸையும் சேர்த்தா ஏழு எக்ஸ் ஸ்கொயர்தானே?"

டிரைவருக்கு அது என்ன பாஷை என்றே தெரியவில்லை. ஆனால் கேட்பவர் டாக்டர். கழுத்தில் மெல்லிய சங்கிலி, கையில் விலை உயர்ந்த பேனா. அப்படிப்பட்டவர் தன்னிடம் குனிந்து சந்தேகம் கேட்கிறார். தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

"கரெக்டா சொன்னீங்க மேடம்" என்றார்.

டாக்டர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். முன்னால் இருந்த வக்கீல் கூடுதல் தாள் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

நேரம் முடிந்ததும் மிஸ் தாள்களை வாங்கி அடுக்கினார். பிறகு கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டார். ஆளுக்கொரு சிவப்புப் பேனா. அவரவர் பெற்றோர் தாள் அவரவருக்கு வராதபடி மாற்றிக் கொடுத்து, "திருத்துங்க" என்றார். பெற்றோர் எல்லாரும் பின்சுவர் ஓரமாக நிற்க வேண்டும்.

பிள்ளைகள் திருத்திய அழகைப் பார்க்க வேண்டுமே. இத்தனை வருஷமாக வாங்கியதை எல்லாம் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுத்தார்கள். டிரைவரின் தாள் டாக்டர் மகனிடம் போயிருந்தது. பையன் பல்லைப் பிடுங்குவது போல ஒவ்வொரு வரியாகப் பிடுங்கிப் பார்த்தான். ஏணிக் கணக்கில் டிரைவர் எல்லாம் ஒழுங்காகச் செய்து, கடைசியில் வர்க்கமூலம் எடுக்க மறந்திருந்தார். பையன் சத்தமாகவே கேட்டான்:

"அங்கிள், பத்தடி ஏணி எப்படி அறுபத்து நாலு அடி உயரத்தைத் தொடும்?"

"கீழதான் ஒருத்தர் பிடிச்சிருக்காரே தம்பி" என்றார் டிரைவர்.

வக்கீலின் தாளைத் திருத்திய பெண் எழுந்து நின்று வாசித்தாள். "மிஸ், முக்கோணக் கணக்குல ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்க. 'முதல் இரு கோணங்களின் கூற்று மட்டுமே முன்வைக்கப்பட்டுள்ளது. மூன்றாவது கோணத்தின் தரப்பைக் கேட்காமல் முடிவுக்கு வருவது முறையாகாது.' இதுக்கு எவ்வளவு மார்க் மிஸ்?"

"விடை எங்க?"

"ஒத்திவைக்கப்படுகிறதுன்னு போட்டிருக்கு மிஸ்."

டாக்டரின் தாள் டிரைவரின் மகளுக்கு வந்திருந்தது. அவள் கட்டுப்போட்ட விரலை நீட்டிக்கொண்டு, தாத்தா கணக்கை இரண்டு தரம் படித்தாள். பிறகு மிஸ்ஸிடம் எடுத்துப் போனாள். மிஸ் படித்துவிட்டுப் பின்சுவரைப் பார்த்தார்.

"டாக்டர், பேரனுக்கு மூணு சொச்சம்னு எழுதியிருக்கீங்க. தாத்தாவுக்கு இருபத்து மூணு சொச்சமா?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. டாக்டர் அம்மா ஒரு வினாடி யோசித்தார். "வயசு கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு எனக்கும் தோணுச்சு மிஸ். அந்த வயசுல சில பேருக்கு ஞானப்பல்லே முளைச்சிருக்காது. ஆனா டிரைவர் சார் கரெக்ட்னு சொன்னாரு."

"நீங்க என்ன விடை எழுதினீங்க?" என்று மிஸ் டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் செருப்பு நுனியைப் பார்த்தார். "பத்து, எழுபது."

டாக்டர் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். ஊசி போடுவதற்கு முன்னால் திரும்புகிற மாதிரி இருந்தது. "அப்ப ஸ்கொயர்னு ஏன் சொன்னீங்க?"

"நான் எக்ஸே போடல மேடம். பேரனை வச்சுத்தான் பார்த்தேன். நீங்க கேட்டது எனக்குப் புரியல. பெரியவங்க கேட்கும்போது இல்லைன்னு சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு."

மிஸ் இருவரையும் வெளியே கைகாட்டினார். பரீட்சையில் பேசியதற்குத் தண்டனை. பல் டாக்டரும் பஸ் டிரைவரும் வராந்தாவில் தோளோடு தோள் நின்றார்கள். வகுப்புக்குள்ளிருந்து சிரிப்பு வந்துகொண்டேயிருந்தது. கொஞ்ச நேரத்தில் டாக்டரின் உதடும் துடிக்க ஆரம்பித்தது.

"இருபத்து மூணு வயசுத் தாத்தா" என்றார். "எனக்கு மட்டும் எப்படிங்க சந்தேகமே வரல?"

"எனக்கு ஏணி அறுபத்து நாலு அடி போச்சு மேடம். நான் மட்டும் யோசிச்சேனா?"

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சத்தம் கேட்டு மிஸ் எட்டிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நேராக நின்றார்கள்.

மதிப்பெண் போட்டு முடித்ததும்தான் மிஸ் அடுத்த குண்டைப் போட்டார். அதே சன்னக் குரலில். "இது உங்க ஹோம்வொர்க்குக்கான மறுபரீட்சை. அதனால அப்பா அம்மா வாங்கின மார்க்தான் உங்க மார்க்."

சிவப்புப் பேனாக்கள் அந்தரத்தில் நின்றன. இவ்வளவு நேரம் கோடு கோடாகக் கிழித்தவர்களின் முகம் வெளுத்துப்போனது. டாக்டர் மகன்தான் முதலில் எழுந்தான்.

"மிஸ், சில குடும்பத்துல தாத்தாக்கு இருபத்து மூணு வயசு இருக்கலாம் மிஸ்."

"ஒத்திவைக்கப்பட்ட விடைக்குப் பாதி மார்க் குடுக்கலாம்ல மிஸ்?" என்றான் வக்கீல் மகன்.

டிரைவருக்கு ஐந்துக்கு மூன்று. பஸ், தாத்தா, முக்கோணம் மூன்றும் சரி. ஏணியும், எக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோகும் கணக்கும் போய்விட்டன. டாக்டர் மகன் அவர் தாளின் கீழே, "முயற்சி உண்டு. அவசரம் கூடாது" என்று எழுதியிருந்தான். பிள்ளைகள் கெஞ்சிக் கூத்தாடியதில் மிஸ் கடைசியில் மனமிறங்கினார். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பரீட்சை வைப்பதாகவும், அதில் வாங்குவதையே எடுத்துக்கொள்வதாகவும் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் உம்மென்று வந்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது டிரைவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"மூணு மோசம் இல்லையே."

"நானா செஞ்சிருந்தா அஞ்சு. அன்னைக்கு என்னை எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பியிருந்தா எழுந்திருச்சிருப்பியா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா அப்பா, பஸ் கணக்கை நீங்க சுத்தமா போட்டிருந்தீங்களாம். அந்த டாக்டர் அம்மா பையன் சொன்னான். ஒரு அடித்தல்கூட இல்லையாம்."

டிரைவர் தூரத்தில் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்திருந்தது.

திங்கட்கிழமை அவள் தானே எழுதினாள். விரல் பரவாயில்லை. சாயங்காலம் நோட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினாள். ஐந்துக்கு நான்கு. எது போனது என்று டிரைவர் விரலால் தடவிக்கொண்டே போனார். பஸ் கணக்கு. ஒரு பஸ் நாற்பத்தைந்து, இன்னொன்று எழுபத்தைந்து. கூட்டி நூற்றுப்பத்து என்று எழுதியிருந்தாள். வழிமுறை எல்லாம் சரி, கூட்டலில் கோட்டை விட்டிருந்தாள்.

டிரைவர் வாயைத் திறந்தார். எதிரில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி கண்ணை மட்டும் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். எலும்பு வரைக்கும் போகிற பார்வை. டிரைவர் வாயை மூடிக்கொண்டார்.

"நல்ல மார்க்தான்" என்றார்.

"கூட்டல்ல போச்சுப்பா."

"போகட்டும். அதெல்லாம் சகஜம்."

அப்படியே எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஆசை தீரச் சிரித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். மறுநாள் காலையில் கண்டக்டரிடம் மட்டும், வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு, விஷயத்தைச் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் டெப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது.